தறிக்கு நடுவே நடப்பதும் மைதானத்தில் நடப்பதும்

"பன்னெண்டு மணி நேரம் தறிக்கு நடுவுலயே நடக்கறனுங்க, இதுக்கு மேல எங்க போயி நடக்கறது?" தூக்கம் வருவதில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமே இல்லாமல் எரிச்சல் வருகிறது என்று மருத்துவரிடம் போகும் சேலம் அம்மாபேட்டை விசைத்தறித் தொழிலாளியிடம், நாள்தோறும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னால் வரக்கூடிய பதில் இது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் நாள் முழுவதும் குனிந்து பற்றவைப்பவரும், ஏற்காட்டுத் தோட்டங்களில் சரிவில் ஏறி இறங்கிக் காப்பிப் பழம் பறிக்கும் பெண்ணும், விடியுமுன் எழுந்து இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி முடிக்கும் இல்லத்தரசியும் இதையே வேறு சொற்களில் சொல்வார்கள். சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. உடம்பு அசைந்தால் மனம் தெளியும் என்பது அவ்வளவு நேரான கணக்காக இருந்தால், சேலத்தின் தறிக்கூடங்களிலும் சேர்வராயன் மலைத் தோட்டங்களிலும் மனச்சோர்வுக்கு இடமே இருந்திருக்கக் கூடாது.

ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உடல் இயக்கத்தை ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்வது, போய் வருவதற்காக நடப்பது அல்லது சைக்கிள் மிதிப்பது, வீட்டு வேலை, பிழைப்புக்கான வேலை என்று நான்காகப் பிரித்துப் பார்ப்பது அவர்களிடையே வழக்கம். இந்த ஒவ்வொன்றும் மனநலத்தோடு எப்படித் தொடர்புபடுகிறது என்று பல ஆய்வுகளைத் திரட்டி அலசிய கட்டுரை ஒன்று 2017இல் வெளிவந்தது. ஓய்வு நேர இயக்கமும் போக்குவரத்துக்கான இயக்கமும் உள்ளவர்களிடம் மனநலம் மேம்பட்டிருந்தது. வீட்டு வேலைக்கும் மனநலத்துக்கும் தெளிவான தொடர்பு எதுவும் தென்படவில்லை. பிழைப்புக்கான உடலுழைப்பு மிகுந்தவர்களிடமோ மனநலக் குறைவு கூடுதலாகவே காணப்பட்டது. ஆகவே தறித் தொழிலாளியின் கேள்விக்கு, அவர் நடக்கும் நடையும் மருத்துவர் சொல்லும் நடையும் கால்களுக்கு ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் மனத்துக்கு ஒன்றல்ல என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த முடிவை அப்படியே காரணமாக எடுத்துக்கொள்வதும் பிழை. கடும் உடலுழைப்பில் இருப்பவர்களுக்குக் கடன், இரவு ஷிப்டு, நிலையில்லாத வருமானம், வாடகை வீட்டு நெருக்கடி என்று மனத்தை அழுத்தும் வேறு பல சுமைகளும் இருக்கின்றன. புள்ளிவிவரம் எவ்வளவு சலித்தாலும் அவற்றை முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது. ஆனாலும் வேலையின் தன்மையிலேயே சில வேறுபாடுகள் இருக்கின்றன, அவற்றைத் தறிக்கூடத்துக்குள் போய்ப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். இரண்டு வரிசைத் தறிகளுக்கு இடையே ஓர் ஆள் நுழையும் அளவுக்கே சந்து இருக்கும். அதில் நான்கு எட்டு இந்தப் பக்கம், நான்கு எட்டு அந்தப் பக்கம் என்று நடப்பவரின் இதயம் ஒருபோதும் நன்றாக வேகம் எடுப்பதில்லை, முழுதாக ஓய்வு கொள்வதும் இல்லை. பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமானால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டிய இரைச்சலில், எந்தத் தறியில் பாவு இழை (நீளவாக்கு நூல்) அறுந்தது, எதில் நாடாவுக்குத் தார் (ஊடு நூல் சுற்றிய குச்சி) தீர்ந்தது என்பதிலேயே கண்ணும் காதும் இருக்கும். துணியில் குறை விழுந்தால் கூலியில் கை வைப்பார்களோ என்ற கவலை வேறு. மணிக்கணக்கில் நீளும் மிதமான சுமை, இடைவெளியின்மை, நிறுத்தும் உரிமை தன் கையில் இல்லாமை ஆகிய மூன்றும் சேர்ந்தால், உடம்பு அதைப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளாமல் நெருக்கடியாகவே எடுத்துக்கொள்கிறது. பயிற்சி என்பது குறுகிய நேரம் உடம்பை வருத்தி, பிறகு அது மீள்வதற்கு விட்டுவிடுவது. மனத்துக்குக் கிடைக்கும் நன்மையில் அந்த மீட்சிக்கும் பங்குண்டு.

அது எப்படி நிகழ்கிறது என்பதற்கு எல்லாரும் அறிந்த விளக்கம், உடற்பயிற்சி செய்தால் எண்டார்பின் சுரக்கிறது, அதனால் மகிழ்ச்சி வருகிறது என்பதே. பரவலாகச் சொல்லப்படும் அளவுக்கு அதற்கு வலுவில்லை. எண்டார்பின் ஒரு பெரிய மூலக்கூறு. இரத்தத்தில் அதன் அளவு எவ்வளவு ஏறினாலும், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில் உள்ள தடுப்பை அது எளிதில் கடப்பதில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஓடும் பழக்கமுள்ள 63 பேருக்கு, எண்டார்பின் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளை அடைத்துவிடும் நால்ட்ரெக்சோன் மருந்தையோ மருந்தே இல்லாத வெற்று மாத்திரையையோ கொடுத்து 45 நிமிடம் ஓடவும், இன்னொரு நாள் அதே நேரம் நடக்கவும் வைத்தார்கள். எண்டார்பினின் வழியை அடைத்த பிறகும் ஓட்டத்துக்குப் பின் வரும் இதமும் பதற்றக் குறைவும் அப்படியே வந்தன. ஓட்டத்துக்குப் பின் இரத்தத்தில் கூடியிருந்தவற்றில் உடம்பே தயாரிக்கும் எண்டோகன்னபினாய்டுகள் இருந்தன. கஞ்சாவில் உள்ள வேதிப்பொருள் மூளையில் எந்த ஏற்பிகளைத் தொடுகிறதோ அதே ஏற்பிகளைத் தொடும் கொழுப்பு வகைப் பொருள்கள் அவை. கொழுப்பில் கரைவதால் மூளைத் தடுப்பை எளிதாகக் கடந்துவிடுகின்றன. மூளைக்குள்ளேயே சுரக்கும் எண்டார்பினுக்கும் ஏதேனும் பங்கு இருக்கக்கூடும். எப்படியிருந்தாலும், இது அன்றைய பயிற்சி அன்றைக்குத் தரும் இதம். அடுத்த வேளைக்குள் கரைந்துவிடும்.

மாதக்கணக்கில் தொடர்பவர்களுக்குக் கிடைப்பது வேறு வகை. மூளையில் நினைவுக்கும், அச்சத்தை இடம் பொருள் அறிந்து அளவோடு வைப்பதற்கும் தேவையான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி, நீண்ட நாள் மனச்சோர்வில் இருப்பவர்களிடம் சற்றுச் சுருங்கிக் காணப்படுவதுண்டு; வயதாக ஆகவும் அது சுருங்கும். அமெரிக்காவில் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை ஓராண்டு வாரம் மூன்று நாள் வேகமாக நடக்கவும், மறுபாதியினரைத் தசைகளை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்யவும் வைத்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. நடந்தவர்களுக்கு ஹிப்போகேம்பஸின் முன்பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடு பெருத்திருந்தது. மற்றவர்களுக்கு அது வழக்கம்போலச் சுருங்கியிருந்தது. நரம்பணுக்கள் தழைக்கவும் புதிய இணைப்புகள் உண்டாகவும் உதவும் பி.டி.என்.எஃப் என்ற புரதம் உடற்பயிற்சியால் கூடுவதை இதற்கான காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். தசைக்கும் இதில் பங்குண்டு. நெருக்கடியிலும் உடல் அழற்சியிலும் இரத்தத்தில் கூடி மூளைக்குள் புகுந்து தீங்கு விளைவிக்கும் கைனுரெனின் என்ற பொருளை, பயிற்சி பெற்ற தசை மூளைக்குள் புக முடியாத வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது என்று ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2014இல் எலிகளில் காட்டினார்கள். கெண்டைக்காலுக்கும் கவலைக்கும் இடையில் இப்படி ஒரு வேதித் தொடர்பு இருக்கும் என்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் யாரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இந்த வேதியியலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, உடம்பின் அடையாளங்களை மனம் எப்படிப் படிக்கிறது என்பதுதான். திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது; மாரடைப்பு என்று நினைத்து ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள்; ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, போய் வாருங்கள் என்கிறார்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் அதே. பீதித் தாக்கு எனப்படும் இந்த நிலையில் படபடப்பு அச்சத்தைத் தூண்டுகிறது, அச்சம் படபடப்பைக் கூட்டுகிறது. இதில் சிக்கியவர்கள் மெல்ல மெல்ல மாடிப்படி ஏறுவதைத் தவிர்ப்பார்கள், வேகமாக நடப்பதைத் தவிர்ப்பார்கள், இதயத் துடிப்பைக் கூட்டும் எதையும் தவிர்ப்பார்கள். தவிர்க்கத் தவிர்க்க அச்சம் வளர்கிறது. இதே ஆள், மருத்துவர் இதயத்தில் கோளாறில்லை என்று உறுதிசெய்த பிறகு, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு குமரகிரி மலைப் படிகளிலோ ஊத்துமலையிலோ ஏறிப் பார்க்கட்டும். முதல் சில படிகளிலேயே நெஞ்சு அடிக்கத் தொடங்கும், மூச்சு இரைக்கும், வியர்வை பெருகும். அதாவது அவர் அஞ்சுகிற அத்தனை அடையாளங்களும் வரும். ஆனால் இப்போது அவற்றுக்குக் காரணம் கண்ணெதிரே படியாகக் கிடக்கிறது. பாதியில் திண்டில் உட்கார்ந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் துடிப்பு தானாகத் தணிவதையும் அவர் காண்கிறார். படபடப்பு வரும், வந்தால் போய்விடும், செத்துப்போக மாட்டோம் என்பதைப் புத்தி எத்தனை முறை சொன்னாலும் ஏற்காத உடம்பு, இருபது முப்பது முறை ஏறி இறங்கிய பிறகு ஏற்றுக்கொள்கிறது. உளவியல் சிகிச்சையிலும் இதே முறையை, நோயாளியை ஓரிடத்தில் நின்று ஓட வைத்தும் வேகமாக மூச்சுவிட வைத்தும், திட்டமிட்டுச் செய்கிறார்கள்.

அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலின் கதையும் இதுபோன்றதுதான். கடுமையாகப் பயிற்சி செய்யும்போது அது ஏறுகிறது, ஓய்வில் இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகிய உடம்பு, அலுவலகச் சண்டையோ வட்டிக்காரர் வருகையோ வரும்போது முன்போல் எகிறுவதில்லை. தூக்கமும் சேர்ந்து சீராகிறது; மனநிலை தேறுவதன் முதல் அடையாளத்தைப் பலர் படுக்கையில்தான் உணர்கிறார்கள்.

இனி, நோயாக முற்றிய மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி எந்த அளவுக்குப் பயன்படும் என்று பார்க்கலாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர் 1999இல் வெளியிட்ட சோதனை இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. மனச்சோர்வு நோய் உறுதிசெய்யப்பட்ட, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 156 பேரை மூன்று குழுவாக்கி, ஒரு குழுவுக்கு வாரம் மூன்று நாள் மேற்பார்வையில் பயிற்சியும், ஒன்றுக்கு மனச்சோர்வு மருந்தான செர்ட்ரலின் மாத்திரையும், ஒன்றுக்கு இரண்டும் 16 வாரம் கொடுத்தார்கள். மாத்திரை சற்று விரைவாக வேலை செய்தது. 16 வாரம் முடிந்தபோது மூன்று குழுக்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. பத்தாம் மாதத்தில் மறுபடி பார்த்தபோது, குணமடைந்தவர்களில் நோய் திரும்பியவர்கள் பயிற்சிக் குழுவில் 8 விழுக்காடு, மாத்திரைக் குழுவில் 38 விழுக்காடு, இரண்டும் செய்தவர்களில் 31 விழுக்காடு. இரண்டையும் செய்தவர்கள்தாம் முன்னால் நிற்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்போம், அவர்கள் நிற்கவில்லை. தான் தேறியதற்குத் தன் முயற்சியே காரணம் என்ற எண்ணம், பயிற்சி மட்டும் செய்தவர்களிடம் வலுவாக ஊன்றியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். அது ஊகம்தான். ஆனால் வேலையாகச் செய்யும் நடைக்கும் தானாக விரும்பி நடக்கும் நடைக்கும் உள்ள வேறுபாட்டோடு சேர்த்துப் பார்த்தால், புறக்கணிக்கக்கூடிய ஊகமாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஒரு சோதனையை வைத்துக்கொண்டு மாத்திரைக்குப் பதில் மைதானம் என்று முழங்குபவர்களை நம்ப வேண்டாம். அந்தச் சோதனையில் வெற்று மாத்திரைக் குழு இல்லை. அதே அணியினர் 2007இல் 202 பேரைக் கொண்டு அந்தக் குழுவையும் சேர்த்துச் செய்தபோது, பயிற்சியும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று ஈடாகவே இருந்தாலும் வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் கணிசமானோர் தேறியிருந்தார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013இல் 39 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, மொத்தத்தில் ஓரளவு நல்ல பயன் தெரிந்தது. செம்மையாக நடத்தப்பட்ட சோதனைகளை மட்டும் எடுத்தபோது அந்தப் பயன் சிறுத்துவிட்டது. பிறகு 2024இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த, 218 சோதனைகளை அடக்கிய பகுப்பாய்வு, நடை, மெல்லோட்டம், யோகா, எடைப் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் கணிசமாகக் குறைப்பதாகக் கூறியது. சற்றுக் கடுமையாகச் செய்தவர்களுக்குப் பயன் கூடுதல் என்றும், ஆனால் பெரும்பாலான சோதனைகளில் குறைகள் உண்டு என்றும் அதுவே சேர்த்துச் சொன்னது. மருந்து சோதனையில் எது நிஜ மாத்திரை என்பதை மறைக்கலாம். நடப்பவரிடம் அவர் நடப்பதை எப்படி மறைப்பது? இத்துறையின் நீங்காத சிக்கல் அதுதான். மிதமான, நம்பத்தக்க பயன் என்று எடுத்துக்கொள்வதே நேர்மை.

நோய் வருமுன் காப்பதில் சான்று இன்னும் தெளிவாக இருக்கிறது, அளவும் குறைவாகவே போதுமாக இருக்கிறது. நார்வேயில் ஏறத்தாழ 34,000 பேரை 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியான ஆய்வு, எல்லாரும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது பயிற்சி செய்திருந்தால் புதிதாக ஏற்பட்ட மனச்சோர்வில் 12 விழுக்காட்டைத் தவிர்த்திருக்கலாம் என்று கணக்கிட்டது. உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கத்தைக் கேட்கிறது. அதில் பாதி அளவு செய்பவர்களுக்கே மனச்சோர்வு வாய்ப்பு 18 விழுக்காடு குறைவு, 150 நிமிடத்தை எட்டுபவர்களுக்கு 25 விழுக்காடு குறைவு என்று 2022இல் வந்த தொகுப்பு சொல்கிறது. முதல் பாதிதான் அதிகப் பலன் தருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மேல் எல்லையும் உண்டு. அமெரிக்காவில் 12 லட்சம் பேரிடம் திரட்டிய விவரங்களில், வாரம் மூன்று முதல் ஐந்து நாள், ஒவ்வொரு முறையும் 45 நிமிடம் அளவில் பயிற்சி செய்தவர்களே நன்றாக இருந்தார்கள்; மிதமிஞ்சிச் செய்தவர்களிடம் அந்த நன்மை தேய்ந்து காணப்பட்டது. விடியற்காலையில் நான்கு மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு, நடக்காத மனைவி மக்களைக் கடிந்துகொள்ளும் நடைப்பயிற்சித் தீவிரர்கள் சேலத்திலும் இருக்கிறார்கள்.

சேலத்தைச் சுற்றி நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை என்று மலைகள், தலைக்கு மேல் சேர்வராயன். இந்த ஊர்க்காரர்களுக்கு இயற்கையோடு நடப்பதன் பயனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 38 பேரைக் கொண்டு செய்து 2015இல் வெளியிட்ட சிறு ஆய்வில், 90 நிமிடம் மரங்களுக்கிடையே நடந்தவர்களுக்குக் கசப்பான எண்ணங்களையே நினைத்து நினைத்துக் குமையும் போக்கும், அதோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் செயல்பாடும் குறைந்தன. வாகன நெரிசல் மிகுந்த சாலையோரம் அதே நேரம் நடந்தவர்களுக்குக் குறையவில்லை. ஆனால் சேலத்துக்காரர்களில் பெரும்பாலோர் மலையோடு கொண்டிருக்கும் உறவு ஞாயிற்றுக்கிழமை உறவு. காரிலோ பைக்கிலோ இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏரியில் படகு விட்டு, மிளகாய் பஜ்ஜி தின்று, பகோடா பாயிண்டில் படம் எடுத்துக்கொண்டு, பொழுது சாய இறங்கிவிடுகிறார்கள். அதில் காற்று மாறுகிறது, இதயத்துடிப்பு மாறுவதில்லை. அடிவாரத்திலிருந்து அதிகாலையில் சைக்கிளில் ஏறுபவர்களைப் பார்த்தால்தான் அந்தச் சாலை உடம்பிடம் என்ன கேட்கிறது என்பது விளங்கும். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கும் சேலத்திலிருந்து ஏற்காடு 1,500 மீட்டருக்குப் போகிறது. வாரநாளுக்கு மூக்கனேரிக் கரையே போதும். தூர்வாரி, நடுவே மண் திட்டுகள் அமைத்து மரம் வளர்த்த பிறகு அங்கே பறவைகளும் வருகின்றன, காலை வெயில் ஏறுமுன் நடந்து முடிக்கவும் தோதான இடம்.

இங்கே கால நேரம் சின்ன விஷயமில்லை. மார்ச் பிற்பகுதியிலிருந்து சேலத்தில் காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். சித்திரையில் 40 டிகிரியைத் தொடும். அதனால் நடப்பவர்கள் இருட்டு பிரியுமுன் கிளம்ப வேண்டியிருக்கிறது, அந்த நேரம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. இந்தியாவில் 2022இல் போதிய உடல் இயக்கம் இல்லாதவர்கள் ஆண்களில் 42 விழுக்காடு, பெண்களில் 57 விழுக்காடு என்று உலக சுகாதார அமைப்பினர் கணித்திருக்கிறார்கள். காலை ஐந்தரைக்குக் காந்தி விளையாட்டரங்கத்தைச் சுற்றி நடந்துவிட்டு, வாசலில் அருகம்புல் சாறு குடித்தபடி ரியல் எஸ்டேட் பேசும் ஆண்களின் வீட்டில், அந்த நேரத்தில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும். வீட்டு வேலையை இயக்கமாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, மனத்துக்கு அதனால் நன்மை உண்டு என்று பெண்களிடம் சொல்வதற்கு ஆதாரமில்லை என்பதை மேலே பார்த்தோம். அவர்களுக்குத் தேவைப்படுவது வேறொருவர் எடுத்துக்கொள்ள முடியாத அரை மணி நேரமும், தெருவிளக்கு எரிகிற, நாய்க்கும் குடிகாரர்களுக்கும் பயப்படாமல் போய்வரக்கூடிய ஒரு பாதையும். தமிழக அரசு 2023இல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற பெயரில் ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று தொடங்கிய திட்டம் நல்லதே. ஆனால் சேலத்தின் குகைப் பகுதியிலோ பொன்னம்மாப்பேட்டையிலோ இருப்பவருக்கு, பஸ் ஏறிப் போய் நடக்கும் எட்டுக் கிலோமீட்டரைவிட வீட்டு வாசலிலிருந்து தொடங்கும் ஒரு கிலோமீட்டர் பயன்படும்.

நேரமே இல்லாதவர்களுக்குப் போக்குவரத்து இயக்கம் ஒரு வழி. முன்பு தறிக்கூடத்துக்கும் பட்டறைக்கும் சைக்கிளில் போனவர்கள் இப்போது இரண்டு கிலோமீட்டருக்கும் வண்டியைக் கிளப்புகிறார்கள். ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் அந்தத் தூரத்தை நடப்பதோ மிதிப்பதோ, மணிக்கணக்கில் கேட்ட இரைச்சலுக்கும் வீட்டுக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத கால் மணி நேரத்தைத் தருகிறது. பட்டறையில் குனிந்தே இருப்பவர்களுக்குத் தசைப் பயிற்சி கூடுதலாகப் பொருந்தும். எடைப் பயிற்சி மனச்சோர்வு அறிகுறிகளைக் குறைப்பதாக 33 சோதனைகளைத் திரட்டிய பகுப்பாய்வு 2018இல் காட்டியது. அதற்கு ஜிம் கட்டாயமில்லை. தண்டாலும் பஸ்கியும் நம் ஊருக்குப் புதியவையும் அல்ல.

மனம் சரியானதும் நடக்கத் தொடங்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மனச்சோர்வு முதலில் பறிப்பது ஆர்வத்தைத்தான். ஆகவே ஆர்வம் வரும் வரை பொறுப்பது, நோய் போன பிறகு மருந்து சாப்பிடலாம் என்று பொறுப்பதற்குச் சமம். வெறும் அறிவுரையும் இங்கே எடுபடாது. இங்கிலாந்தில் மனச்சோர்வு உள்ள 361 பேரில் ஒரு பகுதியினருக்கு, வழக்கமான சிகிச்சையோடு உடல் இயக்கத்தைக் கூட்டிக்கொள்ள ஆலோசனையும் ஊக்கமும் கொடுத்துப் பார்த்த சோதனை 2012இல் வெளிவந்தது. அவர்கள் முன்பைவிடச் சற்று அதிகம் நடமாடினார்கள், ஆனால் மனச்சோர்வில் வேறுபாடு உண்டாகவில்லை. பலன் கண்ட சோதனைகளில் பல, நேரம் குறித்து, இடம் குறித்து, பக்கத்தில் ஆள் இருந்து செய்யவைத்தவை. "நடங்க" என்று சொல்லிவிட்டுப் போவதைவிட, "ஆறு மணிக்கு வர்றேன், செருப்பு மாட்டிட்டு நில்லுண்ணா" என்று சொல்லும் ஒரு தம்பியோ பக்கத்து வீட்டுக்காரரோ இருப்பது அதிகம் உதவும். முதல் வாரம் தெருமுனை வரை போய்த் திரும்பினால்கூடப் போதும். சோதனைகள் பெரும்பாலும் எட்டு முதல் பதினாறு வாரம் நடந்தவை என்பதால், பத்தே நாளில் பலனில்லை என்று விட்டுவிடுவதற்கு நியாயமில்லை.

மனச்சோர்வு தனியாகத் தாங்கிக்கொள்ளக்கூடிய அளவைக் கடந்துவிட்டது என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் கெட்டிருப்பது, படுக்கையை விட்டு எழவே முடியாதிருப்பது, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருவது ஆகியவை தெரிந்தால் நடையை நம்பிக் காலம் கடத்தக் கூடாது. தேசிய மனநல ஆய்வு 2015-16இல் கண்டபடி, இந்தியாவில் மனநலக் கோளாறு உள்ளவர்களில் சிகிச்சை பெறாதவர்களின் பங்கு கோளாற்றின் வகையைப் பொறுத்து ஏறத்தாழ 70 முதல் 92 விழுக்காடு வரை இருக்கிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், நடந்து மனம் தேறிவிட்டது என்று தாங்களாகவே நிறுத்தினால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வரலாம், நோயும் திரும்பலாம். குறைப்பதை மருத்துவர் படிப்படியாகச் செய்வார். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மருந்தை எடுப்பவர்கள் புதிதாகப் பயிற்சி தொடங்குவதை அவரிடம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். வியர்வையில் உடம்பின் நீர் வற்றினால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறி நஞ்சாகலாம். மனச்சிதைவுக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள் வெயிலைத் தாங்கும் ஆற்றலையே குறைத்துவிடும். சித்திரை வைகாசியில் இவர்கள் வெயில் ஏறிய பின் நடக்காமல், கையில் தண்ணீரோடு, நிழலுள்ள பாதையில் நடப்பதே பாதுகாப்பு.